காட்டாமலே நிரூபிக்க முடியுமா? ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் நிரல் எழுதவும் கொஞ்சம் குறியாக்கவியலும் சொல்லிக் கொடுக்கிறேன். போன வருடம் தேவகோட்டையில் ஒரு கடையில் சுண்டல் வாங்கித் தின்று முடித்தபோது, பொட்டலக் காகிதத்தில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. யாரோ ஒருவரின் ஆதார் நகல். பெயர், பிறந்த தேதி, கணவர் பெயர், தெரு, 12 இலக்க எண், எல்லாம் எண்ணெய்க் கறையோடு. எதற்கோ எங்கேயோ நம்பிக் கொடுத்த நகல் பழைய பேப்பர் கட்டில் சேர்ந்து சுண்டல் மடிக்க வந்திருக்கிறது. கிழித்து எரித்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது கிளம்பிய கேள்விகளும், அப்புறம் தெரிந்தவர்கள் கேட்டவையும்தான் இங்கே இருக்கின்றன.

ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் என்றால் சுருக்கமாக என்ன?

ஒரு கூற்று உண்மை என்று எதிராளியை நம்ப வைக்க வேண்டும். ஆனால் அது உண்மை என்பதைத் தாண்டி வேறு எதுவும் அவருக்குத் தெரியக் கூடாது. அப்படி நிரூபிக்கும் முறை இது. "எனக்கு 18 வயது முடிந்துவிட்டது" என்று நிரூபிக்கலாம், பிறந்த தேதி வெளியே வராது. "இந்தக் கடவுச்சொல் எனக்குத் தெரியும்" என்று நிரூபிக்கலாம், கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டாம்.

மூன்று குணங்கள் வேண்டும். உண்மை சொல்பவர் சோதனையில் தேறிவிட வேண்டும். பொய் சொல்பவர் மாட்டிக்கொள்ள வேண்டும். சோதிப்பவர் கூடுதலாக எதையும் தெரிந்துகொள்ளக் கூடாது.

தமிழில் சிலர் "பூஜ்ஜிய அறிவுச் சான்று" என்று எழுதுகிறார்கள். அது அறிவே இல்லாத சான்று என்பது போல ஒலிக்கிறது. அதனால் நான் ஜீரோ நாலெட்ஜ் என்றே சொல்கிறேன்.

கேட்க நன்றாக இருக்கிறது, நம்ப முடியவில்லை. கணக்கே இல்லாமல் ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். ஒரே நிறம், ஒரே கட்டம் போட்ட இரண்டு கண்டாங்கியைக் கொடுத்தால், எது கைத்தறி எது விசைத்தறி என்று தொட்டே சொல்லிவிடுவார். பேரனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

"சும்மா சொல்றீங்க ஆச்சி."

"அப்ப சோதிச்சுப் பாருடா."

ஆச்சி கண்ணை மூடிக்கொள்கிறார். பேரன் ஒரு சேலையைத் தொடக் கொடுக்கிறான். பிறகு இரண்டையும் ஒரு பைக்குள் போட்டு, அதில் ஒன்றை உருவி மறுபடி தொடக் கொடுக்கிறான். "முன்னாடி தொட்டதா, மற்றதா?" இதுதான் கேள்வி. ஆச்சிக்கு உண்மையில் வித்தியாசம் தெரியாவிட்டால், குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல இரண்டில் ஒரு வாய்ப்பு. 10 முறையும் தப்பாமல் சொல்ல 1,024-ல் ஒரு வாய்ப்பு. 20 முறை என்றால் சுமார் 10 லட்சத்தில் ஒன்று. 20 முறையும் ஆச்சி சரியாகச் சொன்னால், இரண்டு சேலைக்கும் வித்தியாசம் இருக்கிறது, அது ஆச்சிக்குத் தெரிகிறது என்று பேரன் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நூலின் முறுக்கா, ஓரமா, எதைத் தொட்டுக் கண்டுபிடிக்கிறார் என்பது இன்னமும் அவனுக்குத் தெரியாது. எது கைத்தறி என்பதுகூடத் தெரியாது.

பேரன் எதுவும் தெரிந்துகொள்ளவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

இந்தத் துறையின் உயிரே இந்தக் கேள்விதான். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பையிலிருந்து எந்தச் சேலையை எடுத்தான் என்று பேரனுக்கு முன்பே தெரியும். ஆகவே ஆச்சி என்ன பதில் சொல்லப் போகிறார் என்பதும் தெரியும். தெரிந்த ஒன்றைத் திரும்பக் கேட்பதால் புதிதாக என்ன வந்துவிடும்? ஆச்சி இல்லாமலே அவன் தனியாக உட்கார்ந்து "முன்னாடி தொட்டது, மற்றது, மற்றது" என்று அதே மாதிரி ஓர் உரையாடலை எழுதிவிடலாம். உண்மையாக நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. துறையில் இப்படிப் போலியாக எழுதித் தரும் ஆளை சிமுலேட்டர் என்கிறார்கள். சிமுலேட்டர் ஒன்று இருக்கிறது என்று காட்டிவிட்டால், ரகசியம் கசியவில்லை என்பது நிரூபணமாகிவிடுகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. பேரன் இதை செல்போனில் வீடியோ எடுத்து நண்பனிடம் காட்டினால் நண்பன் நம்ப வேண்டியதில்லை. பாட்டியும் பேரனும் பேசி வைத்துக்கொண்டு நடித்திருக்கலாம். நேரில் கேள்வி கேட்டவருக்கு மட்டுமே அது சான்று.

பேரன் குறும்புக்காரனாக இருந்தால்? பைக்குள் ரகசியமாக மூன்றாவதாக, எது என்று தனக்கே தெரியாத ஒரு சேலையைப் போட்டுக் கேட்கலாம். ஆச்சியின் பதிலிலிருந்து அந்தச் சேலை எந்த வகை என்று ஏதாவது தெரிந்துவிடும். அப்போது கசிவு வந்துவிடுகிறது. நிஜ நெறிமுறைகளில் (புரோட்டோகால்களில்) இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: கேட்பவர் தனக்குப் பதில் ஏற்கெனவே தெரியும் என்று முதலில் நிரூபித்தாக வேண்டும்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

ஷாஃபி கோல்ட்வாஸர், சில்வியோ மிக்காலி, சார்ல்ஸ் ராக்காஃப் மூவரும் 1985-ல் வெளியிட்ட கட்டுரை. சில முறை நிராகரிக்கப்பட்ட பிறகே அது மாநாட்டில் இடம்பிடித்தது. 1993-ல், கோட்பாட்டுக் கணினியியலுக்கான கோடெல் பரிசு முதல் முறை வழங்கப்பட்டபோது அதில் இந்தக் கட்டுரைக்கும் பங்கு கிடைத்தது. கோல்ட்வாஸரும் மிக்காலியும் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருதை 2012-க்குப் பெற்றார்கள்.

சேலைக்குச் சரி. எல்லா விஷயத்துக்கும் இப்படிச் செய்ய முடியுமா?

1986-ல் கோல்ட்ரைக், மிக்காலி, விக்டர்ஸன் மூவரும் முடியும் என்று காட்டினார்கள். விடையைக் கையில் கொடுத்தால் சீக்கிரம் சரிபார்த்துவிடலாம் என்ற வகையைச் சேர்ந்த எந்தக் கூற்றுக்கும் (கணினியியலில் இதை என்பி என்பார்கள்) ஜீரோ நாலெட்ஜ் சான்று உண்டு. பாதுகாப்பான குறியாக்கம் சாத்தியம் என்ற அனுமானம் மட்டும் வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்று நிறப் புதிர். அதை நம் ஊர் வீட்டில் வைத்துப் பார்ப்போம்.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, குழைத்த வண்ணக் கலவையை ஒவ்வொரு பகுதியிலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது. மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். கண்ணாடி தொட்ட பக்கம்தான் பிறகு வழுவழுவென்று மினுங்கும் தரை.

இப்போது ஒரு பெரிய வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஏகப்பட்ட அறைகள், மொத்தம் 50 கதவுகள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று நிறக் கல் மட்டுமே போட வேண்டும்; கதவு வழியே இணைந்த எந்த இரண்டு அறைக்கும் ஒரே நிறம் வரக் கூடாது. அறைகள் பெருகினால் இது மிகக் கடினமான கணக்கு. "எனக்கு வழி தெரியும், ஆனால் கூலி பேசும்வரை வரைபடத்தைக் காட்ட மாட்டேன்" என்கிறார் கொத்தனார்.

சரி, இப்படிச் செய்யலாம். கொத்தனார் ஒவ்வோர் அறையிலும் அந்தந்த நிறக் கல் ஒன்றை வைத்து ஜமுக்காளத்தால் மூடுகிறார். வீட்டுக்காரர் ஏதாவது ஒரு கதவைக் காட்டுகிறார். அதன் இரண்டு பக்கத்து ஜமுக்காளத்தை மட்டும் தூக்குகிறார்கள். நிறம் வேறு வேறாக இருந்தால் தேறியது. அடுத்த சுற்றுக்கு முன் கொத்தனார் நிறங்களைத் தன் மனதுக்குள் மாற்றிக்கொள்கிறார்: சிவப்பு இருந்த இடமெல்லாம் மஞ்சள், மஞ்சள் இருந்த இடமெல்லாம் பச்சை என்பது போல. ஆகையால் இந்தச் சுற்றில் பார்த்ததை முந்தைய சுற்றோடு ஒட்டவைக்க முடியாது. வீட்டுக்காரர் காண்பது எப்போதும் இரண்டு வேறு நிறங்கள், அவ்வளவுதான்.

கொத்தனார் பொய் சொன்னால் குறைந்தது ஒரு கதவிலாவது நிறம் மோதும். ஒரு சுற்றில் பிடிபட 50-ல் ஒரு வாய்ப்பு, கம்மிதான். 500 சுற்று போனால் தப்பிக்கும் வாய்ப்பு சுமார் 24,000-ல் ஒன்று. 1,000 சுற்றில் சுமார் 59 கோடியில் ஒன்று.

கம்ப்யூட்டரில் ஜமுக்காளத்துக்கு என்ன செய்வார்கள்?

நிறத்தோடு ஒரு நீளமான தற்செயல் எண்ணைச் சேர்த்து எஸ்எச்ஏ-256 போன்ற ஹாஷில் (எதைப் போட்டாலும் கலக்கி ஒரே நீளமுள்ள எழுத்துச் சரமாகத் தரும் ஒருவழிக் கணக்கு) போட்டு, வரும் சரத்தை அனுப்பிவிடுவார்கள். அதைப் பார்த்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அனுப்பிய பிறகு நிறத்தை மாற்றவும் முடியாது. திறக்கச் சொன்னால் நிறத்தையும் தற்செயல் எண்ணையும் காட்ட வேண்டும். இதற்குக் கமிட்மென்ட் என்று பெயர்.

நிஜமான கணக்கோடு ஒன்று காட்டுங்களேன்.

ஷ்னோர் என்பவர் 1989-ல் தந்த நெறிமுறை. வகுப்பில் கரும்பலகையில் போடுகிற அதே சின்ன எண்களில் சொல்கிறேன். நிஜத்தில் இந்த எண்கள் பெரும்பாலும் 256 பிட் நீளம் இருக்கும்.

கணக்கு எல்லாம் 23-ஆல் வகுத்து வரும் மீதியில். அடுக்குகளை மட்டும் 11-ஆல் வகுத்த மீதியில் வைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் 2-ஐ 11 முறை பெருக்கினால் 2,048. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 1. வள்ளியின் ரகசியம் 7. ஊரறியச் சொல்லும் எண், 2-இன் 7-ஆம் அடுக்கு: 128, மீதி 13. "13-க்குப் பின்னால் இருக்கும் அடுக்கு எனக்குத் தெரியும்" என்பதை அவள் நிரூபிக்க வேண்டும்.

வள்ளி தற்செயலாக 5 என்று ஓர் எண் எடுக்கிறாள். 2-இன் 5-ஆம் அடுக்கு 32, மீதி 9. இந்த 9-ஐ அனுப்புகிறாள். சோதிப்பவர் தற்செயலாக 3 என்று கேட்கிறார். வள்ளி 5 + 3 × 7 = 26, அதை 11-ஆல் வகுத்த மீதி 4 என்று பதில் தருகிறாள். சோதிப்பவர் ஒரு பக்கம் 2-இன் 4-ஆம் அடுக்கைப் பார்க்கிறார்: 16. மறுபக்கம் 9-ஐ 13-இன் 3-ஆம் அடுக்கால் பெருக்குகிறார். 13-இன் 3-ஆம் அடுக்கின் மீதி 12, 9 × 12 = 108, மீதி 16. இரண்டும் ஒன்று. தேறிவிட்டாள். 7 என்ற எண் எங்கும் வெளியே வரவில்லை, தற்செயல் 5 அதை மூடிவிட்டது.

ரகசியம் தெரியாதவர் போலி உரையாடல் எழுத முடியுமா? கேள்வியை முதலிலேயே தெரிந்துகொண்டால் முடியும். கேள்வி 2, பதில் 9 என்று நீங்களே வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால் முதல் எண் 18 என்று வரும். சோதனை அப்படியே பொருந்தும், போட்டுப் பாருங்கள். பேரன் தனியாக எழுதிய உரையாடல் இதுதான். நேரில் நடக்கும்போது மட்டும், கேள்வி வருவதற்கு முன்பே முதல் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் பொய்யரைத் தடுக்கிறது.

அதே தற்செயல் எண்ணை இரண்டு முறை பயன்படுத்தினால் என்ன ஆகும்?

ரகசியம் போய்விடும். வள்ளி மறுபடியும் 5-ஐயே எடுத்தாள் என்று வைப்போம். இந்த முறை கேள்வி 5. பதில் 5 + 5 × 7 = 40, மீதி 7. முந்தைய பதில் 4. இரண்டு பதிலுக்கும் வித்தியாசம் 3, கேள்விகளுக்கு வித்தியாசம் 2. எந்த எண்ணை 2-ஆல் பெருக்கினால், 11-ஆல் வகுத்த மீதி 3 வரும்? 7. பெட்டகத்தின் சாவியையே கொடுத்தது போல ஆகிவிட்டது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2010 கடைசியில் பிளேஸ்டேஷன் 3 கருவியின் கையொப்பச் சாவி வெளிப்பட்டது இதே தவறால்தான். அதன் கையொப்ப முறை ஷ்னோருக்குப் பங்காளி முறை. தற்செயலாக இருக்க வேண்டிய எண்ணை மாற்றாமல் வைத்திருந்தார்கள். வகுப்பில் எல்லாரும் ஒரு முறையாவது இதைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு முறையும் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். 1986-ல் அமோஸ் ஃபியாட்டும் அதி ஷமீரும் ஒரு வழி சொன்னார்கள். வள்ளி தன் முதல் எண்ணை ஹாஷில் போட்டு, வருவதையே கேள்வியாக எடுத்துக்கொள்கிறாள். ஹாஷ் எதைத் தரும் என்று முன்கூட்டியே வளைக்க முடியாததால் அது நேர்மையான கேள்வி மாதிரியே வேலை செய்கிறது. சான்று ஒரு கடிதம் போல ஆகிவிடும், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

ஹாஷில் முதல் எண்ணை மட்டும் போட்டால் போதாது. ஊரறிந்த 13-ஐயும், நிரூபிக்கும் கூற்றையும் சேர்த்தே போட வேண்டும். விட்டுவிட்டால், பதிலை முதலில் முடிவு செய்து அதற்குப் பொருந்தும் ஊரறிந்த எண்ணைப் பின்னால் தயாரிக்கலாம். 2022-ல் பல நிரல் நூலகங்களில் இதே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஃப்ரோஸன் ஹார்ட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஸ்நார்க், ஸ்டார்க் என்கிறார்களே, அவை என்ன?

பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் குடும்பங்களுக்கு அங்கிருந்து ஐந்தொகை வரும். பேரேட்டின் ஒவ்வொரு வரியையும் ஊரில் படிக்க முடியாது; தொகுத்த கணக்கைப் பார்த்துக் கடை நடப்பை அறிவார்கள். அதில் ஏஜெண்ட் மேல் நம்பிக்கை வேண்டியிருந்தது. ஸ்நார்க் என்பது அந்த நம்பிக்கையும் தேவைப்படாத ஐந்தொகை. லட்சக்கணக்கான படிகள் கொண்ட ஒரு கணக்கைச் சரியாகப் போட்டேன் என்பதற்கு ஒரு குட்டிச் சான்று. 2016-ல் யென்ஸ் குரோத் கொடுத்த முறையில் சான்று 200 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது, சரிபார்க்கச் சில மில்லி விநாடி போதும்.

சிரமம் வேறு இடத்தில். குரோத் முறை போன்ற ஸ்நார்க்குகளுக்கு ஆரம்பத்தில் பொது அளவுருக்களைத் தயாரிக்க வேண்டும். அப்போது உருவாகும் ரகசிய எண்களை வைத்திருப்பவர் பொய்ச் சான்றுகளை அடித்துத் தள்ளலாம், அசல் அச்சைத் திருடி வைத்துக்கொண்டு போலிக் கல் போடுவது போல. 2016 அக்டோபரில் ஜீகேஷ் என்ற கிரிப்டோ நாணயம் தொடங்கியபோது, வேறு வேறு இடங்களில் இருந்த 6 பேர் ஆளுக்கொரு துண்டு ரகசியத்தை உருவாக்கி, பிறகு அழித்தார்கள். ஆறு பேரில் ஒருவர் நேர்மையாக அழித்திருந்தாலே போதும்.

2018-ல் வந்த ஸ்டார்க் முறைக்கு அப்படிப்பட்ட ரகசியமே வேண்டாம், ஹாஷ் மட்டும் போதும். ஆனால் சான்று பெரிது, பத்து நூறு கிலோபைட் கணக்கில் போகும். இரண்டிலுமே சான்று தயாரிப்பது பாரமான வேலை.

நடைமுறையில் எங்கே பயன்படுகிறது?

ஜீகேஷில் அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றையும் மறைத்துப் பணம் அனுப்பலாம். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளை வெளியே நடத்தி ஒரே சான்றாகச் சுருக்கிப் பதிகிறார்கள். அங்கே பெரும்பாலும் ரகசியத்தைவிட அந்தச் சுருக்கம்தான் தேவை.

எனக்குப் பிடித்தது உறுப்பினர் சான்று. நகரத்தார் கோவில்களில் மணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. புள்ளிக் கணக்கை ஒரு மரம் போல அடுக்கி, இரண்டிரண்டாக ஹாஷ் எடுத்துக்கொண்டே மேலே போனால் உச்சியில் ஒரே ஹாஷ் நிற்கும். "இந்த உச்சிக்குக் கீழே என் புள்ளி இருக்கிறது" என்று நிரூபித்தால் போதும், எது என்று சொல்ல வேண்டாம். பெயர் தெரியாமல் கருத்து வாக்கெடுப்பு நடத்த இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆதாருக்கு இது வருமா?

அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. ஆதாரின் பாதுகாப்பான கியூஆர் குறியீட்டில் உள்ள விவரங்கள் ஆர்எஸ்ஏ முறையில் டிஜிட்டல் கையொப்பமிட்டவை. அந்தக் கையொப்பம் சரி என்பதையும், உள்ளே இருக்கும் பிறந்த தேதிப்படி 18 வயது ஆகிவிட்டது என்பதையும் மட்டும் ஜீரோ நாலெட்ஜில் காட்டலாம். ஆனான் ஆதார் என்ற திறமூலத் திட்டம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. கூகுளும் வயதுச் சான்றுக்கான தன் ஜீரோ நாலெட்ஜ் நூலகத்தை 2025-ல் திறமூலமாக வெளியிட்டது. கடைக்காரர் ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு இன்னும் வரவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன நாட்டில் இது வந்தே ஆக வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

எதையெல்லாம் இதனால் தடுக்க முடியாது?

ஆவணத்தில் பிறந்த தேதியே தப்பு என்றால் சான்றும் அந்தத் தப்பையே சரி என்று காட்டும். அண்ணனின் போனைத் தம்பி நீட்டினாலும் தேறிவிடும், முகமோ விரலோ சேர்த்துச் சோதிக்காத வரை.

கேள்வியே கசியவிடலாம். "இந்தத் தேதிக்கு முன் பிறந்தவரா?" என்று பாதி பாதியாகச் சுருக்கி 16 முறை கேட்டால், 100 வருடத்தில் எந்த நாள் என்பது வெளிவந்துவிடும். ஒவ்வொரு சான்றும் தனியாகச் சுத்தம், சேர்த்தால் பிறந்த தேதி. அதனால் என்ன கேட்கலாம் என்பதற்கு வரையறை வேண்டும்.

நிரல் எழுதுவோருக்கு ஒன்று. சான்றுக்கான கணக்கில் ஒரு மதிப்பை வைப்பது வேறு, அதைக் கட்டுப்படுத்துவது வேறு. "9-இன் வர்க்கமூலம் 3" என்று மதிப்பை வைத்துவிட்டு, 3 × 3 = 9 என்ற நிபந்தனையை எழுத மறந்தால், ஏமாற்றுபவர் 3 இருந்த இடத்தில் 400 வைத்தாலும் சான்று தேறும். இந்தத் துறையில் அடிக்கடி அகப்படும் பிழை இந்த வகைதான். ஜீகேஷில் அகப்பட்ட ஒரு பிழை இன்னும் ஆழமானது. அது ஜீகேஷ் பின்பற்றிய ஆய்வுக் கட்டுரையிலேயே இருந்தது. 2018 மார்ச்சில் அரியல் கபிஸோன் கண்டுபிடித்தார்; கணக்கில்லாமல் போலி நாணயம் அடிக்க அது வழிவிட்டிருக்கும். அந்த அக்டோபரில் சத்தமில்லாமல் சரிசெய்து, 2019 பிப்ரவரியில் வெளியே சொன்னார்கள்.

குவாண்டம் கணினி வந்தால்?

குரோத், ஷ்னோர் போன்றவற்றில் பொய்ச் சான்று தயாரிக்க முடியும். ஹாஷை நம்பும் ஸ்டார்க் தாக்குப்பிடிக்கும் என்று கருதுகிறார்கள். ஓர் ஆறுதல்: குரோத் முறையில் ரகசியம் மறைந்திருப்பது கணக்கின் கடினத்தை நம்பியதல்ல, எனவே பழைய சான்றைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுக்க முடியாது.

நான் எங்கே தொடங்குவது?

மேலே உள்ள ஷ்னோர் கணக்கை முதலில் கையால், பிறகு பைத்தானில் எழுதுங்கள். 20 வரி கூட வராது. அதன்பின் ஜீரோ நாலெட்ஜ் சான்றுக்கென்றே உள்ள சர்காம் அல்லது நுவார் நிரல் மொழியில் வர்க்கமூலக் கணக்கை எழுதி, நிபந்தனையை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பொய்ச் சான்று தயாரித்துப் பாருங்கள்.

இதெல்லாம் வரும்வரை, நகல் கேட்டால் என்ன செய்வது?

என்ன தேவை என்று கேளுங்கள். வயதுக்கா, முகவரிக்கா, சும்மா வழக்கத்துக்கா? ஆதார் தளத்தில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைத் தரவிறக்கலாம். பல இடத்தில் அது போதும். காகித நகலாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எழுத்து மறையாமல் குறுக்கே பேனாவால் எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கோணலாக விழுந்த பிரதியைக் கூடையில் போட விடாமல் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.